பழைய காரில் மறைந்திருக்கும் வெட்டும் ஒட்டும்: எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பாளையங்கோட்டையில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் வாங்க நினைத்திருக்கும் வண்டி 2018ஆம் ஆண்டு ஹேட்ச்பேக். டிஎன் 72, அதாவது திருநெல்வேலிப் பதிவு. இப்போது இரண்டாவது உரிமையாளரிடம் இருக்கிறது. 60,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் இன்ஜினையும் கியரையும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். புரோக்கரோ, "முன் பம்பர் மட்டும்தான் அண்ணாச்சி உரசுனது, வேற ஒண்ணும் கெடையாது" என்கிறார். ஆனால் வலது முன்கதவை மூடும்போது வரும் ஓசை மற்ற மூன்று கதவுகளின் ஓசையைப் போல் இல்லை என்பது ஆசிரியரின் காதில் பட்டுவிட்டது. அடிபட்டு, வெட்டி ஒட்டப்பட்ட வண்டியா இது என்பதைத் தொழில் தெரியாத ஒருவர் தாமே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்து வாகனங்களை ஆய்வு செய்யும் சர்வேயராக இருபது ஆண்டுகளுக்கு மேல் திருநெல்வேலி வட்டாரத்தில் வேலை பார்த்திருக்கிறேன். நாகர்கோவில் சாலையிலும் தூத்துக்குடிச் சாலையிலும் நொறுங்கிக் கிடந்த வண்டிகளைப் படம் பிடித்துக் கணக்கு எழுதியவன். அவற்றுள் சில, சில மாதங்கள் கழித்துப் புதுப்பெண் போல விற்பனைக்கு நிற்பதையும் பார்த்தவன். உங்களுக்குத் தேவைப்படுபவை ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு சிறு காந்தம், ஒரு மணி நேரப் பொறுமை, அவ்வளவே.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் உடலில் சில பாகங்கள் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. சில பாகங்கள் வெல்டு செய்து ஒன்றாக்கப்பட்டவை. பம்பர், பானட், முன் ஃபெண்டர்கள், கதவுகள், டிக்கி மூடி ஆகியவை முதல் வகை. இவற்றைக் கழற்றி மாற்றினாலும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் வண்டியின் விலை குறையுமே தவிர அதன் உறுதி குறையாது. முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ஏப்ரன், இன்ஜினின் இரு பக்கமும் முன்னோக்கி ஓடும் லாங் மெம்பர்கள், கூரையைத் தாங்கி நிற்கும் பில்லர்கள் (முன் கண்ணாடியின் ஓரத்தில் இருப்பது ஏ பில்லர், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருப்பது பி பில்லர்), கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டு, தரைத்தகடு, கூரை ஆகியவை இரண்டாம் வகை. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. இந்த இரண்டாம் வகைத் தகடுகள் ஒன்றோடொன்று வெல்டாகி நிற்பதுதான் சேசிஸ். மோதலின்போது முன்புற மெம்பர் எந்த இடத்தில், எந்த வேகத்தில் மடிய வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே கணக்கிட்டு, அதற்கென்றே அதில் சிறு பள்ளங்களைப் பதித்து அனுப்புகிறார்கள். ஏர்பேக் எந்தக் கணத்தில் விரிய வேண்டும் என்பதும் அந்த மடிப்பைப் பொறுத்தே அமைகிறது. பி பில்லரில் பல கார்களில் மிக உறுதியான, சூட்டில் பதப்படுத்திய எஃகை வைத்திருக்கிறார்கள்; அதைக் கேஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் வடிவம் திரும்பி வரும், உறுதி திரும்பி வராது. ஆகவே "வண்டி அடிபட்டதா?" என்று கேட்பதைக் காட்டிலும் "அடி இரண்டாம் வகைப் பாகங்கள் வரை போயிற்றா?" என்று கேட்பதே சரி.

வண்டியைக் காலையில் பாருங்கள். ஏழரை, எட்டு மணிக்குச் சாய்ந்து விழும் வெயிலில், வண்டியின் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டுத் தகட்டின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டினால், அதில் தெரியும் எதிர்ச்சுவரின் பிம்பக்கோடு எங்கே நெளிகிறது என்பது தெரிந்துவிடும். நம்மூர் உச்சி வெயிலில் இது தெரியாது. விளக்குப் போட்ட ஷோரூமிலும் தெரியாது. இப்போதுதான் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருந்தால், காயும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பெயின்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் 200, 300 என்று ஏறும். 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். தடிமன் அளக்கும் கருவி இல்லாதவர், துணியில் சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பார்க்கலாம். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். பிளாஸ்டிக் பம்பரில் இரண்டுமே வேலை செய்யா. கூரையைக் கம்பெனி அளவாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களை ஒப்பிடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். தென்னந்தோப்புள்ள ஊர்களில் அதை அப்படியே நம்ப வேண்டாம்: தேங்காயோ மட்டையோ விழுந்து பெயின்ட் அடித்த கூரைகளைக் குற்றாலம் போகும் வழியெங்கும் பார்க்கலாம். கூரையோடு பில்லர்களின் மேற்பகுதியும் சேர்ந்து பெயின்ட் ஆகியிருந்தால் மட்டும், வண்டி உருண்டதா என்ற சந்தேகம் எழ வேண்டும்.

அடுத்து போல்ட்டுகள். பானட்டைத் திறந்தால் ஃபெண்டரின் மேல் விளிம்பில் வரிசையாக இருப்பவை, கதவைத் திறந்தால் கீலில் இருப்பவை. தொழிற்சாலையில் பல பாகங்களைப் பூட்டிய பிறகே பெயின்ட் அடிப்பதால், போல்ட்டின் தலையும் அதைச் சுற்றியுள்ள தகடும் ஒரே பூச்சாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அறுகோணத்தின் மூலைகளில் பெயின்ட் உரிந்து இரும்பு மின்னும், அல்லது போல்ட்டின் பழைய இடம் ஒரு பிறை போல வெளியே தெரியும். இது ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஏன் கழற்றினார்கள் என்பதை அதன் பின்னாலுள்ள ஏப்ரன்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் வலது கதவுக்கு வருவோம், ஏனெனில் அங்கேதான் விஷயம் இருக்கிறது. கதவைத் திறந்தால், அதன் சட்டத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் ஓடுவதைக் காண்பீர்கள். அது ஒட்டப்பட்டதன்று, தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. கையால் இழுத்தால் வந்துவிடும், திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துவிடும். விற்பவரிடம் சொல்லிவிட்டு, ஒரு முழம் அளவுக்குக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு மூன்று தகடுகள் ஒன்றாக அழுத்தப்பட்ட விளிம்பு தெரியும். அதில் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக, ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில், வட்ட வட்டமாக மெல்லிய குழிகள் இருக்கும். தொழிற்சாலையில் இயந்திரக்கை போட்ட ஸ்பாட் வெல்டுகள் அவை. நம் பட்டறைகளில் இவற்றைப் 'பஞ்ச்' என்பார்கள். இடைவெளி ஏறத்தாழச் சீராகவும், குழிகள் ஒரே ஆழத்திலும் இருக்கும். வெட்டி ஒட்டிய இடத்தில் இவை இரா. அங்கே சிஓ2 வெல்டிங்கின் மேட்டைக் கிரைண்டரால் தேய்த்த தழும்பு இருக்கும்; அல்லது துளை போட்டு நிரப்பிய வெல்டு, மேல்நோக்கிப் புடைத்து நிற்கும்; அல்லது எல்லாவற்றின் மேலும் பட்டி பூசி, விளிம்பு மழுமழுவென்று இருக்கும். கெட்டிக்காரத் தொழிலாளிகள் சிலர் பட்டியின் மேலே டிரில் முனையால் போலிக் குழிகளைப் பதிப்பதும் உண்டு. அவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்கும். உண்மையான பஞ்சின் விளிம்பு மெழுகில் விரலை அழுத்தியது போல வழவழப்பாக இருக்கும்.

ஒருமுறை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு வெள்ளை செடானை உறவினர் ஒருவருக்காகப் பார்க்கப் போயிருந்தேன். வெளிப்புறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; கதவுகளின் இடைவெளி நாணயம் நுழைத்துப் பார்த்தாலும் எங்கும் ஒன்றாகவே இருந்தது. இடது பி பில்லரின் பீடிங்கை இழுத்தேன்: மேலிருந்து கீழ்வரை பஞ்சுகள் பாசிமணி கோத்தாற்போல இறங்கின. வலது பில்லரில் இழுத்தேன். மேலே நான்கு பஞ்சுகள். அதன்பிறகு ஒரு சாண் அளவுக்கு வெறும் வழவழப்பு. பிறகு ரன்னிங் போர்டுக்குச் சற்று மேலே மீண்டும் பஞ்சுகள். அந்த வழவழப்பான இடத்தை நகத்தால் தட்டியபோது தகரத்தின் ஒலி வரவில்லை, காய்ந்த சுண்ணாம்பைத் தட்டினாற்போல மந்தமாகக் கேட்டது. புரோக்கர் ஒன்றும் பேசாமல் போய்த் தம் பைக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். பக்கவாட்டில் வாங்கிய அடியில் மடிந்த பில்லரின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறொரு வண்டியின் துண்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். அடுத்த பக்கவாட்டு மோதலில் அந்த ஒரு சாண் இடம் என்ன ஆகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சோதனையின் வலிமை, இடதையும் வலதையும் ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் பஞ்ச் போடும்; எது சரியான இடைவெளி என்று நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு வண்டியின் இரு பக்கமும் ஒரே மாதிரி அடிபடுவது அரிது என்பதால், அடிபடாத பக்கமே அடிபட்ட பக்கத்துக்கு அளவுகோல்.

அதே கண்ணோடு பானட்டின் உள்ளே பாருங்கள். ஏப்ரனின் இணைப்புகளில் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 'பேஸ்டிங்' என்று சொல்லப்படும் அடைப்புப் பசை ஓடும். கம்பெனி பேஸ்டிங் ஒரே தடிமனில் ஓடும், நகத்தால் அழுத்தினால் உறுதியாக நிற்கும். பட்டறையில் கையால் பூசியது அலை அலையாக இருக்கும், சில சமயம் விரல் தடம்கூடத் தெரியும், பெரும்பாலும் மென்மையாக இருக்கும் அல்லது நகம் பட்டதும் பெயர்ந்து வரும். இன்னொன்று: பல கார்களில் தொழிற்சாலை பானட்டுக்குள்ளே வெளிப்புறம் போன்ற பளபளப்புப் பூச்சைத் தருவதில்லை, அங்கே நிறம் சற்று மங்கியே இருக்கும். ஒரு பக்க ஏப்ரன் மட்டும் வெளிக்கதவு போல மின்னினால், அது பெருமைப்பட வேண்டிய செய்தியன்று. ஹெட்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து லாங் மெம்பரின் முனையைப் பாருங்கள். நான் முன்பு சொன்ன மடிப்புப் பள்ளங்கள் இரு பக்கமும் ஒரே வடிவில் இருக்கின்றனவா, தகடு சுருங்கி நெளிந்து பிறகு சுத்தியலால் நிமிர்த்தப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியும். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் அது போல்ட் போட்டதுதான். நம் சாலைகளில் மாடும் நாயும் குறுக்கே வந்தாலே அது போய்விடும்.

டிக்கியில் செய்ய வேண்டியது ஒன்றே. கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த குழியைப் பாருங்கள். பின்னால் லாரி இடித்த வண்டியில் அந்தக் குழிதான் முதலில் நெளியும், கடைசியில்தான் கவனிப்பார்கள். ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கியபோது எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்தக் குழியிலும் தரைத்தகட்டிலும் துருவைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தகடு நெளியாமல், பஞ்சுகள் குலையாமல், பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தால் மோதலைவிட வெள்ளத்தைச் சந்தேகியுங்கள்; சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிநுனியில் வண்டல் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

சீட் பெல்ட்டை இழுக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். அதன் கீழ்ப்பகுதியில் தயாரித்த மாதமோ ஆண்டோ அச்சிட்ட சீட்டு தைக்கப்பட்டிருக்கும். வண்டி 2018 ஆக இருக்க, பெல்ட் மட்டும் 2021 என்றால் இடையில் நடந்தது என்ன என்று கேட்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையிலுள்ள ஆண்டுக் குறியும் அப்படியே. முன் கண்ணாடி கல் பட்டு மாறியிருக்கலாம், ஆனால் ஒரு பக்கத்தின் இரண்டு கதவுக் கண்ணாடிகளும் மாறியிருப்பது கல்லால் நடப்பதன்று. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை முதல்தான் என்பதால், உங்கள் வண்டியின் விலை குறைந்த வகையில் அது இல்லாமலே இருக்கலாம். இருக்குமானால், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு தனியே எரிந்து, சில நொடிகளில் தனியே அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலோ, ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணைகிறது என்றாலோ, விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் வயரை மட்டும் மாற்றியிருக்கக்கூடும்.

வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம். ஏதேனும் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. ரன்னிங் போர்டுக்கு அடியில் கீழ்நோக்கி நீளும் மெல்லிய விளிம்பை நால்புறமும் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் சற்று வளைந்திருப்பது இயல்பு. ஆனால் நான்கு மூலைகளிலும் கட்டம் கட்டமாகப் பல் பதிந்த தழும்புகள் இருந்தால், அந்த வண்டியை இழுவைப் பெஞ்சில் கவ்விப் பூட்டிச் சங்கிலியால் இழுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று அறியலாம். நிமிர்த்தியது குற்றமன்று, முறையான பட்டறை அப்படித்தான் செய்யும். ஆனால் பம்பர் உரசியதற்காக எந்த வண்டியும் பெஞ்சில் ஏறுவதில்லை. கறுப்பு அண்டர்கோட்டிங்கைப் பற்றியும் ஒரு சொல்: திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து முழு அடிப்பகுதிக்கும் பூசுவார்கள், அது நல்லதே. ஓர் இடத்தில் மட்டும், அதுவும் புதிதாக, தடித்துப் பூசியிருந்தால் அதன் அடியில் வெல்டு இருக்கக்கூடும்.

லிஃப்டிலிருந்து இறக்கியதும் அங்கேயே செய்யக்கூடிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. சக்கரங்கள் நனைந்திருக்கும். வண்டியைக் காய்ந்த சிமென்ட் தரையில் இருபது அடி தூரம் மெதுவாக, நேராக ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று ஈரத்தடங்களைப் பாருங்கள். பல கார்களில் முன்சக்கரங்களின் அகலமும் பின்சக்கரங்களின் அகலமும் சற்று வேறுபடும். எனவே முன்தடமும் பின்தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் போகலாம். அந்த விலகல் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் பின்தடம் உள்ளே விழுந்து, வலப்பக்கம் வெளியே விழுந்தால், வண்டி நண்டு போலச் சாய்ந்து நடக்கிறது. பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை டேப்பால் இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஐந்தாறு மில்லிமீட்டர் வேறுபாடு நம் கையின் பிழையாக இருக்கலாம், 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் இருக்காது.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், வீல் அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் தாளை எடுத்துவிடுங்கள். டோ எனப்படும், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவைத் திருகித் திருத்திவிடலாம், ஆகவே அதைப் பார்த்துப் பயனில்லை. கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணம்), காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்து நிற்கும் கோணம்) என்ற இரண்டையும் பாருங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் இவற்றைத் திருத்தத் திருகே கிடையாது. இடதுக்கும் வலதுக்கும் இவை கணிசமாக வேறுபட்டால், ஷாக் அப்சார்பரோ, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மோ வளைந்திருக்க வேண்டும். அவை நேராக இருக்கின்றன என்றால் அவற்றைத் தாங்கும் உடலே நகர்ந்திருக்கிறது.

காகிதங்களில் நான் முதலில் பார்ப்பது ஆர்சி புத்தகத்தையன்று, காப்பீட்டுப் பாலிசியில் உள்ள நோ கிளைம் போனஸ் என்ற வரியை, அதாவது கிளைம் எடுக்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியை. கிளைம் இல்லாத ஓர் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாண்டுக்குப் பிறகு 50 என்று அது ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரு கிளைம் எடுத்தால், இந்தப் போனஸைக் காக்கவெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராத பாலிசியில், பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆனால் இந்தப் போனஸ் வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. உங்கள் வண்டி இரண்டாவது கைக்கு அண்மையில் மாறியிருந்தால் பூஜ்யமாக இருப்பது இயல்பே. அப்போது முதல் உரிமையாளரின் கடைசிப் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டியை டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு, என்று முடிப்பது காப்பீட்டு நடைமுறை. அப்படி முடிக்கப்பட்டு, உடைசலாக விற்கப்பட்டவை மலிவான கூலியில் உயிர்பெற்று வருவதுதான் இந்தச் சந்தையின் பெரிய ஆபத்து. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவெண்ணைச் சொல்லி, உரிமையாளரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்டால், பாடி வேலைகளின் பட்டியல் கிடைக்கக்கூடும்.

பொலிரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா போன்றவற்றை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். அவற்றுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பில்லரைவிட அந்த நீண்ட இரும்புச் சட்டங்களையே படுத்துப் பார்க்க வேண்டும். இடையில் தகடு வைத்து வெல்டு செய்த இடம், சுத்தியல் தடம், சேசிஸ் எண் பொறித்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டர் பட்ட கீறல், எழுத்துகளின் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்க வேண்டாம். கடைசி இரண்டும் உங்களைப் பட்டறைக்கு அன்று, காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகும்.

இனி உங்கள் வண்டியைப் பற்றிய என் கருத்து. கதவின் ஓசை மட்டும் வேறாக இருப்பதற்குக் கதவையே மாற்றியிருப்பதோ, உள்ளே ஒட்டியிருக்கும் அதிர்வு தடுக்கும் அட்டை பெயர்ந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். அப்படியானால் விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம். குவார்ட்டர் பேனலோ (பின்சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) ஏப்ரனின் முன்முனையோ மாறியிருந்து, கம்பெனி பட்டறையின் பில்லும் சரியான அலைன்மென்ட் தாளும் இருந்தால், நகருக்குள் ஓட்டுபவர் நல்ல தள்ளுபடியில் யோசிக்கலாம். ஆனால் வலது ஏ பில்லரிலோ பி பில்லரிலோ ரன்னிங் போர்டிலோ வெட்டு இருந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன். வரும் ஞாயிறு காலையில் வலது கதவின் பீடிங்கைக் கீழ்ப்பாதி வரை கழற்றி, இடது பக்கத்தையும் அதே உயரத்தில் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். அலைன்மென்ட் தாளையும் முதல் உரிமையாளரின் பாலிசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், அன்று மாலையே பார்த்துச் சொல்கிறேன்.